பி.ஆர்க். சேரும் எல்லையோரப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருப் பையன் ஒருவன், பி.ஆர்க். என்னும் கட்டடக்கலைப் பட்டப்படிப்புக்கான நாட்டா திறனறித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும் ஒரு வருடம் வீட்டில் இருக்க நேர்ந்தது. கேரளத்தின் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வான கீமுக்கு அவன் விண்ணப்பமே போடவில்லை. கேட்டதற்கு, "நான் கீம் எழுதப் போவதில்லையே" என்றான்.

அவன் சொன்னதில் பாதிதான் உண்மை. கேரளத்தில் ஆர்க்கிடெக்சருக்கு, அதாவது பி.ஆர்க்.குக்கு, கீம் தேர்வு எழுத வேண்டாம். ஆனால் கெடுவுக்குள் கீம் விண்ணப்பத்தில் ஆர்க்கிடெக்சரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியாக வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணையும் நாட்டா மதிப்பெண்ணையும் சரிபாதியாகச் சேர்த்து ரேங்க் போடுவது அதற்குப் பிறகுதான். திருவனந்தபுரம், திருச்சூர் அரசுப் பொறியியல் கல்லூரிகளின் பி.ஆர்க். இடங்கள் இந்த வழியில்தான் நிரம்புகின்றன. மத்திய அரசின் கோழிக்கோடு என்.ஐ.டி. கல்லூரிக்கு நாட்டா உதவாது. அதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினில் ஆர்க்கிடெக்சருக்கான தாள் 2ஏ எழுத வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி நேரும் இன்னொரு தவறு, பொள்ளாச்சியில் பிளஸ் டூ படித்தாலே தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் உரிமை உண்டு என்று நம்புவது. இரண்டு வருடப் படிப்பு போதாது. 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் குடும்பம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது என்பதற்கு நேட்டிவிட்டி சான்றிதழ் வேண்டும். சாதிச் சான்றிதழும் அப்படியே. தாத்தா காலத்துத் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டிக் கேரளத்தில் இடஒதுக்கீடு கேட்க முடியாது. இதற்காக வில்லேஜ் ஆபீசுக்குக் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள், பெற்றோரே. பரீட்சைக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

பிளஸ் ஒன்னில் கணிதத்தை விட்டவர்களுக்கு இந்தப் படிப்பு கிடையாது. இயற்பியலும் கட்டாயம். படம் நன்றாக வரைகிறாள் என்பதற்காகக் கணிதம் இல்லாத பிரிவில் சேர்த்துவிட்டுப் பிறகு வருந்திய வீடுகளை நான் அறிவேன்.

நாட்டாவில் வரும் வரைதலுக்கு வருகிறேன். வழிகாட்டி நூலில் உள்ள தெருக்காட்சியை மனப்பாடமாக வரைந்து பழகாதீர்கள். ஒரு பெண் கொண்டுவந்த படத்தில் வலப்பக்கம் தெருவிளக்கு எரிந்தது. கடைக்காரரின் நிழலும் வலப்பக்கமே விழுந்திருந்தது. கடை வாசலோ அவர் தோளுயரம்கூட இல்லை. கோடுகள் எல்லாம் அழகு! மறுநாள் அவளைச் சந்தையில் ஒரு தேங்காய்க் கடை எதிரே உட்காரவைத்தேன். ஆள் உயரத்துக்குக் கதவு எத்தனை மடங்கு, குவியலின் எந்தப் பக்கம் இருட்டு என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள். இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு படம்தான் முடிந்தது. அதில் நிழல் சரியாக விழுந்திருந்தது.