ஸ்டீபன் சோண்ட்ஹைமின் இசை நாடகங்களைக் கேட்கப் பழகுவது எப்படி?

நியூயார்க் நாடக உலகில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கிய இசையமைப்பாளரும் பாடலாசிரியருமான ஸ்டீபன் சோண்ட்ஹைமின் பெயரைக் கேள்விப்பட்டு, அவருடைய சிறந்த பாடல்கள் என்று யாரோ தொகுத்த பட்டியலைத் திறந்து வரிசையாகக் கேட்டுவிட்டு, ஒரு மெட்டுகூட மனத்தில் தங்கவில்லையே என்று விட்டுவிடுபவர்கள் பலர். நானும் அப்படித்தான் தொடங்கினேன்; அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய ஒவ்வொரு பாடலையும் ஒரு குறிப்பிட்ட மனிதர், ஒரு குறிப்பிட்ட நொடியில், எதிரே நிற்கும் இன்னொருவரிடம் எதையோ வேண்டியோ மறைத்தோ பாடுகிறார். அந்த மனிதர் யார், எதிரே நிற்பவர் யார் என்று தெரியாமல் கேட்டால், தொலைபேசியில் ஒருவர் பேசுவதை மட்டும் பக்கத்தில் இருந்து கேட்பது போலத்தான் இருக்கும். ஆகவே நாடகத்தோடு சேர்த்து அவரைக் கேட்பது எப்படி, எந்த வரிசையில் கேட்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவருடைய வாழ்க்கையில் ஒரு பகுதியை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சோண்ட்ஹைம் 1930 மார்ச் 22 அன்று நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் ஆடைத் தொழிலில் இருந்தவர்கள். அவருக்குப் பத்து வயதானபோது பிரிந்தார்கள். தாயுடன் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்த சிறுவனுக்கு, அருகில் வசித்த ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் வீடு இரண்டாவது வீடானது. ‘ஷோ போட்’, ‘ஓக்லஹோமா’ போன்ற நாடகங்களின் ஆசிரியரான ஹாமர்ஸ்டைனிடம், பதினைந்து வயதில், பள்ளிக்காகத் தான் எழுதிய இசை நாடகத்தைக் கொடுத்து, தன்னைத் தெரிந்தவன் என்று பாராமல் மதிப்பிடும்படி சோண்ட்ஹைம் கேட்டார். தான் படித்தவற்றிலேயே இதுதான் மிக மோசமானது என்று சொன்ன ஹாமர்ஸ்டைன், எழுதியவனிடம் திறமை இல்லை என்று தான் சொல்லவில்லை என்றும் சேர்த்துச் சொல்லி, அன்று பிற்பகல் முழுவதும் முதல் காட்சியிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து விளக்கினார். பின்னர் நான்கு பயிற்சிகளும் கொடுத்தார்: பிடித்த ஒரு நாடகத்தை இசை நாடகமாக்குவது, குறையுள்ளது என்று தோன்றும் ஒரு நாடகத்தைத் திருத்தி இசை நாடகமாக்குவது, நாடகமாக எழுதப்படாத ஒரு கதையை எடுத்துச் செய்வது, கடைசியாகச் சொந்தக் கதை ஒன்றை எழுதுவது. இந்த நான்கிலும் பாட்டைவிட நாடகமே முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். சோண்ட்ஹைம் கடைசிவரை அந்த மாணவராகவே எழுதினார். வில்லியம்ஸ் கல்லூரியில் இசை பயின்று 1950இல் பட்டம் பெற்று, பின்னர் மில்டன் பாபிட் என்ற நவீன இசையமைப்பாளரிடம் தனியாகப் படித்ததனால் வந்த இசை நுட்பம் முழுவதையும் அவர் அந்த நாடகப் பாடத்துக்கே பயன்படுத்தினார்.

அடுத்தது, எங்கே தொடங்கக் கூடாது என்பது. அவருடைய முதல் புகழ் 1957இல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யாலும் 1959இல் ‘ஜிப்ஸி’யாலும் வந்தது, ஆனால் இரண்டிலும் பாடல் வரிகள் மட்டுமே அவருடையவை. முதலாவதன் இசை லெனார்ட் பெர்ன்ஸ்டைனுடையது, இரண்டாவதன் இசை ஜூலி ஸ்டைனுடையது. இசையையும் வரிகளையும் தானே எழுதி அவர் நியூயார்க்கின் பெரிய அரங்குகளான பிராட்வேக்கு வந்தது 1962இல்தான். ‘எ ஃபன்னி திங் ஹேப்பன்ட் ஆன் த வே டு த ஃபோரம்’ என்ற அந்த நகைச்சுவை நாடகம் 964 முறை நடந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ‘எனிஒன் கேன் விஸில்’ ஒன்பதே காட்சிகளில் நின்றுபோனது. இவை எல்லாவற்றையும் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது 1987இல் அரங்கேறிய ‘இன்டு த வுட்ஸ்’. முதல் நடிகர் குழுவே நடித்த இதன் மேடைப் பதிவு 1991இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது, அதைப் பாருங்கள். சிண்ட்ரெல்லா, சிவப்புத் தொப்பிச் சிறுமி, அவரைக்கொடியில் ஏறும் ஜாக், கோபுரத்தில் அடைபட்ட ராபன்ஸல் ஆகியோரின் கதைகளைப் பலரும் சிறுவயதிலேயே கேட்டிருப்போம் என்பதால், யார் யாரிடம் பாடுகிறார்கள் என்று திணற வேண்டியிருக்காது. இந்தக் கதைகளை இணைப்பது, குழந்தைக்காக ஏங்கும் ஒரு ரொட்டிக்காரனும் அவன் மனைவியும் சூனியக்காரியின் கட்டளைப்படி காட்டுக்குள் சென்று நான்கு பொருள்களைத் தேடும் கதை. பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும் தொடக்கக் காட்சியில் பேச்சும் பாட்டும் எங்கே பிரிகின்றன என்று குறித்துப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் குறிக்கவே முடியாது. பிறகு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஜாக் தன் பசுவைக் கொடுத்து அவரை விதைகளை வாங்கும்போது, விதைக்கு ஒன்றாக ஐந்து சுரங்கள் ஒலிக்கும். அந்த ஐந்து சுரங்களையும் முணுமுணுக்கும் அளவுக்கு மனத்தில் பதித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கேளுங்கள். ராபன்ஸல் கோபுரத்திலிருந்து சொல்லே இல்லாமல் இசைக்கும் மெட்டு அந்த விதையிலிருந்து முளைத்தது என்பது பிடிபடும்போது, சோண்ட்ஹைமின் பாடல்களில் மெட்டே இல்லை என்ற பழைய குற்றச்சாட்டு தானாகவே விழுந்துவிடும்.

இங்கே கேட்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லா நாடகங்களுக்கும் இதே முறைதான். முதலில் கதைச் சுருக்கத்தைப் படியுங்கள். முடிவு தெரிந்துவிடுமே என்று அஞ்சுபவர்கள் முதல் பாதியை மட்டும் படித்தால் போதும். அடுத்து, அரங்கேற்றக் குழுவினர் பாடிய முழு ஒலிப்பதிவை, வரிசையை மாற்றாமல், இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். இரண்டாம் முறை பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆங்கிலத்தில் நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கும் சில பாடல்களின் வேகத்தில் சொற்கள் நழுவும். மூன்றாம் முறை வரிகளை மூடிவைத்துவிட்டு, பாடுபவரை விட்டு வாத்தியங்களை மட்டும் பின்தொடருங்கள். பாடுபவர் ஒன்றைச் சொல்ல, வாத்தியங்கள் அவர் மறைப்பதைச் சொல்லும் இடங்கள் அப்போதுதான் காதில் விழும். அவருடைய பல நாடகங்களுக்கு வாத்தியப் பகிர்வு செய்த ஜோனதன் டியூனிக்கின் உழைப்பும் அந்த மூன்றாம் முறையில்தான் தெரியும்.

இந்தப் பயிற்சிக்கு மிகச் சிறந்த களம் 1979இல் வந்த ‘ஸ்வீனி டாட்’. அநியாயமாக நாடுகடத்தப்பட்டு லண்டனுக்குத் திரும்பும் ஒரு நாவிதன், தன் குடும்பத்தை அழித்த நீதிபதியைப் பழிவாங்கத் துடிக்கும் கதை இது. ஹெரால்ட் பிரின்ஸ் இயக்கினார். பிராட்வே நாடகங்களுக்கு வழங்கப்படும் டோனி விருதுகள் எட்டைப் பெற்றது. தொடக்கக் கோரஸுக்குள் ‘டியெஸ் ஈரே’ என்ற பழைய கத்தோலிக்க இறுதிச்சடங்கு மெட்டு மறைந்திருக்கிறது. அதைத் தனியாக ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டு நாடகத்துக்குள் வந்தால், சாவு எந்த மூலையிலிருந்து எட்டிப் பார்க்கிறது என்று காதே சொல்லும். நீதிபதி சவர நாற்காலியில் கண்மூடி அமர்ந்திருக்க, கழுத்தருகே கத்தியைப் பிடித்தபடி நாவிதனும் அவனும் சேர்ந்து பெண்களின் அழகைப் பற்றிப் பாடும் இடத்தை நான்கைந்து முறையாவது கேளுங்கள். மெட்டு அவ்வளவு இனிமையானது. அதைக் கேட்கும் நம் நெஞ்சு மட்டும் படபடக்கும். தெருவில் அலையும் பிச்சைக்காரியின் மெட்டும், கடந்த காலத்தில் நடந்த முகமூடி விருந்தில் ஒலிக்கும் நடன மெட்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்றும் ஒப்பிடுங்கள். காரணத்தை நான் சொல்லப் போவதில்லை. 2007இல் வந்த திரைப்படத்தில் கோரஸ் பாடும் பகுதிகள் நீக்கப்பட்டுள்ளன. ஆகவே முதலில் ஏஞ்சலா லான்ஸ்பரியும் ஜார்ஜ் ஹெர்னும் நடித்த 1982ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் பதிவைத் தேடிப் பாருங்கள்.

வரிகளைப் படிக்கும்போது ஒலி ஒன்றுவதை எப்படிக் கவனிப்பது என்பதற்குத் தமிழ் வாசகருக்குச் சிறு விளக்கம் தேவை. நம் செய்யுளில் மோனையும் எதுகையும் அடியின் தொடக்கத்தில் வேலை செய்ய, ஆங்கிலப் பாடலில் பெரும்பாலும் நம் இயைபைப் போல அடியின் இறுதியே ஒலிக்கிறது. அழுத்தம் விழும் உயிரிலிருந்து சொல்லின் முடிவு வரை ஒலி ஒன்றாகவும், அந்த உயிருக்கு முன் வரும் மெய் வேறாகவும் இருந்தால்தான் அது முழுமையான இயைபு. கிட்டத்தட்ட ஒத்துப்போகும் ஒலிகளை சோண்ட்ஹைம் ஏற்றுக்கொள்ளவில்லை. அரங்கில் ஒருமுறைதான் காதில் விழும் சொல்லைக் கேட்பவர் பற்றிக்கொள்ள அந்தத் துல்லியம் உதவுகிறது என்பது அவர் கருத்து. ஆனால் இயைபு கெட்டிக்காரத்தனமாக இருந்தால் பாடும் பாத்திரமும் கெட்டிக்காரராகத் தோன்றிவிடும். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த எளிய பெண்ணான மரியா, தன் அழகைக் கொண்டாடிப் பாடும் பாடலில் அடிக்குள் அடியாக இயைபுகளை அடுக்கிவிட்டதை, சக பாடலாசிரியர் ஷெல்டன் ஹார்னிக் சுட்டிக்காட்டிய பிறகு, சோண்ட்ஹைம் வாழ்நாள் முழுவதும் தன் பிழையாகவே சொல்லிவந்தார். எளிமையாக மாற்றி எழுதிக் கொடுத்தும் உடன் வேலை செய்தவர்கள் ஏற்கவில்லை. அந்தப் பாடலை அவருடைய காதுகளோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிறகு ‘கம்பெனி’ என்ற அவருடைய நாடகத்தில் திருமணத்தன்று காலையில் பதறும் மணப்பெண் மூச்சுவிடாமல் பாடும் பாடலைக் கேளுங்கள், படித்த, பதற்றமான நகரத்துப் பெண்ணுக்கு அந்தச் சொல்வேகம் அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்துவது தெரியும்.

1973இல் வந்த ‘எ லிட்டில் நைட் மியூசிக்’ முழுவதும் மூன்றன் கணக்கில் சுழலும் தாளங்களால் ஆனது. ‘சென்ட் இன் த கிளவுன்ஸ்’ என்ற அவருடைய மிகப் புகழ்பெற்ற பாடல் இதில்தான் இருக்கிறது. இதைத் தனிப்பாடலாக நூற்றுக்கணக்கானோர் நீட்டி இழைத்துப் பாடியிருக்கிறார்கள். ஜூடி காலின்ஸ் பாடியதற்காக 1976இல் ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி விருதும் சோண்ட்ஹைமுக்குக் கிடைத்தது. நீங்கள் நாடகத்தில் முதலில் பாடிய கிளினிஸ் ஜான்ஸின் பதிவிலிருந்து தொடங்குங்கள். அவருடைய குரல் இனிமையானது என்றாலும் சுரங்களை நீட்டிப் பிடிக்கும் வலு அதற்கு இல்லை. ஒத்திகை நாள்களில் அந்தக் குரலுக்கென்றே இந்தப் பாடலை எழுதியதால், சோண்ட்ஹைம் வரிகளைக் குட்டைக் குட்டைக் கேள்விகளாக அமைத்தார். பாடுபவள் தெசிரே என்ற நடுவயது நடிகை. முன்பு தன்னை மணக்க விரும்பிய மனிதனிடம் இப்போது தானே கேட்டு மறுக்கப்பட்டவள். காட்சி சரியாகப் போகாதபோது கோமாளிகளை உள்ளே அனுப்புங்கள் என்பது அவளுடைய தொழிலின் மொழி. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு விழும் இடைவெளியைக் கவனியுங்கள். குரலின் குறை அங்கே பாத்திரத்தின் விம்மலாகிவிடுகிறது. அளவற்ற திறமையைவிட இந்தப் பரிவுக்காகவே நான் அவரை அதிகம் நேசிக்கிறேன்.

இதற்குப் பின் ‘மெரிலி வி ரோல் அலாங்’ கேட்கலாம். மூன்று நண்பர்களின் கதை முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் பின்னோக்கிச் செல்வதால், இசையும் அப்படியே செல்கிறது: ஒரு மெட்டின் சிதறிய துண்டுகள் முதலில் வரும், முழு மெட்டு பிறகு வரும். 1981இல் பதினாறு காட்சிகளோடு நின்று, பிரின்ஸுடன் இருந்த நீண்ட கூட்டணியையும் முறித்துப்போட்ட இந்த நாடகம், 2023இல் பிராட்வேக்குத் திரும்பி அடுத்த ஆண்டு சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான டோனி விருதைப் பெற்றது. சோண்ட்ஹைம் 2021 நவம்பர் 26 அன்று தொண்ணூற்றொரு வயதில் காலமாகிவிட்டதால் அதைப் பார்க்க அவர் இல்லை.

அந்த 1981ஆம் ஆண்டுத் தோல்விக்குப் பிறகு, ஜேம்ஸ் லபைன் என்ற இளம் எழுத்தாளரோடு சேர்ந்து அவர் எழுதியது, 1984இல் அரங்கேறி மறு ஆண்டு நாடகத்துக்கான புலிட்சர் பரிசு பெற்ற ‘சண்டே இன் த பார்க் வித் ஜார்ஜ்’. இதைக் கேட்பதற்கு முன், சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள ஜார்ஜ் சூராவின் ஓவியத்தின் பெரிய படம் ஒன்றை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். செய்ன் நதித் தீவொன்றில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மக்கள் இளைப்பாறும் ஓவியம் அது. சூரா வண்ணங்களைத் தட்டில் கலக்காமல் புள்ளி புள்ளியாகத் துணியில் வைத்ததைப் போல, அவர் தூரிகையோடு நிற்கும் காட்சியில் சுரங்களும் சொற்களும் புள்ளிகளாகத் தெறிக்கும். அருகே ஒப்பனை செய்துகொண்டு காத்திருக்கும் காதலி டாட்டும் தன் முகத்தில் புள்ளிகளாகவே மாவு ஒற்றுவதைக் கவனியுங்கள். முதல் பாதியின் முடிவில், சச்சரவிட்டுக்கொண்டிருக்கும் மனிதர்களை ஓவியர் ஒவ்வொருவராக இடம் பார்த்து நிறுத்த, சிதறியிருந்த புள்ளிகள் நீண்ட, அமைதியான ஒரு கூட்டுப் பாடலாகச் சேரும். அந்த இடத்தில் அழுதால் வெட்கப்பட வேண்டாம்.

‘ஃபாலிஸ்’, ‘அசாசின்ஸ்’, ‘பேஷன்’ ஆகியவற்றை இதன் பிறகு எந்த வரிசையிலும் கேட்கலாம். தன் வரிகளைத் தானே கடுமையாக விமர்சித்துச் சோண்ட்ஹைம் 2010இலும் 2011இலும் வெளியிட்ட இரண்டு தொகுதிகளை, குறைந்தது மூன்று நாடகங்களையாவது கேட்ட பிறகு படியுங்கள். முன்பே படித்தால் அவருடைய தீர்ப்பு உங்கள் காதுக்கு முன்னால் வந்து நிற்கும்.

1976இல் வந்த ‘பசிபிக் ஓவர்ச்சர்ஸ்’ நாடகத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1853இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஜப்பானை வந்தடைந்த கதை அது. அதில், ஒரு வீட்டுக்குள் நடக்கும் ஒப்பந்தப் பேச்சைப் பற்றிய பாடல் ஒன்று வருகிறது. சிறுவனாக மரத்தில் ஏறிப் பார்த்த ஒரு கிழவர், கண்டதை நினைவுகூர்கிறார். அந்தச் சிறுவனும் மேடையிலேயே இருக்கிறான். தரைக்கு அடியில் ஒளிந்திருந்த வீரனுக்குக் காதில் விழுகிறது, கண்ணில் படவில்லை. மரத்தில் இருந்தவனுக்குக் கண்ணில் படுகிறது, காதில் விழவில்லை. சில சுரக்கூட்டுகள் மட்டும் திரும்பத் திரும்ப வந்து மெல்ல மெல்ல நிறைகின்றன. தான் எழுதியவற்றில் தனக்கு மிகப் பிடித்த பாடல் இதுதான் என்று சோண்ட்ஹைம் சொல்லியிருக்கிறார். மற்ற எல்லாவற்றையும் கேட்டு முடித்த ஒரு நாளில், விளக்கை அணைத்துவிட்டு, அதை முழுதாகக் கேளுங்கள்.