மலைப்பாதையில் முதல் வேலை வடிகால்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை 14 மாநிலங்களைக் கடந்து சுமார் 3,500 கிலோமீட்டர் நீள்கிறது. அதைப் பெரும்பாலும் பராமரிப்பவர்கள் தன்னார்வலர்கள். இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் புதர் வெட்டத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் பாதைக்குப் பெரிய எதிரி தண்ணீர்.

மழைநீரைப் பாதையிலிருந்து வெளியேற்றும் வடிகாலாக, பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதித்திருக்கும் மரக்கட்டையின் மேட்டுப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே சேறும் சருகும் அடைத்திருந்தால், மழைநீர் கட்டையைத் தாண்டிப் பாதையிலேயே ஓடி மண்ணை அரிக்கும். அடைப்பை வாரிச் சரிவுப் பக்கம் தள்ளிப் போடுங்கள். வடிகாலின் வாயிலேயே குவிப்பது (பலரும் செய்வது இதைத்தான்) வீண் வேலை. பாதையின் தளமும் ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் அளவில் சரிவை நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் குடிநீர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள்.