இன்செர்ட் பண்றப்போ எரர் வந்தா: நாம பண்ற தப்புகள்

வெப்சைட் ஃபார்ம்ல வர்ற தகவலை டேட்டாபேஸ் டேபிள்ல சேக்கறதுதான் இன்செர்ட். ஃபார்ம்ல ரெக்வயர்டுனு (கட்டாயம் நிரப்பணும்னு) போட்டாச்சு, ஜாவாஸ்கிரிப்ட்லயும் செக் பண்ணியாச்சு, அப்புறம் சர்வர்ல வேற எதுக்குனு கேக்கறவங்க இன்னமும் இருக்காங்க. பிரவுசரே இல்லாம கர்ல்ல (கமாண்ட் அடிச்சு நேரா சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பற டூல்) ஒரு ரிக்வெஸ்ட் அடிச்சா அந்த செக் ஒண்ணுமே ஓடாது.

நான் நல்லா மாட்டினது டூப்ளிகேட் மேட்டர்ல. ஈமெயில் ஏற்கனவே இருக்கானு டேபிள்ல தேடிப் பாக்க ஒரு செலக்ட், இல்லன்னா இன்செர்ட், லோக்கல்ல சூப்பரா ஓடுச்சு. லைவ்ல ஒருத்தர் நெட் ஸ்லோனு சப்மிட்டை ரெண்டு தட்டு தட்டிட்டார், ரெண்டு ரிக்வெஸ்ட்டும் ஒரே நேரத்துல செலக்ட் ஓட்டி, ரெண்டும் 'இல்ல'னு பாத்து, ரெண்டும் இன்செர்ட் பண்ணி, ஒரே ஆளுக்கு ரெண்டு அக்கவுண்ட். பட்டனை டிசேபிள் பண்றதெல்லாம் ஒப்புக்குத்தான், டேபிள்ல யூனிக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு ரெண்டு தடவ வராம டேட்டாபேஸே தடுக்கறது) போடுங்க. அப்புறம் டூப்ளிகேட் வந்தா, டேட்டாபேஸ் மைசீக்வல்னா 1062, போஸ்ட்கிரெஸ்னா 23505னு எரர் வரும், அந்த ஒண்ணை மட்டும் பிடிச்சு 'இந்த ஈமெயில்ல அக்கவுண்ட் இருக்கு'னு ஈமெயில் பெட்டிக்குக் கீழயே காட்டணும். வர்ற எக்ஸப்ஷன் (கோடு ஓடறப்போ வர்ற எரர்) எல்லாத்தையும் அதைப் பிடிக்கற ஒரே கேட்ச்ல போட்டு முழுங்கினீங்கன்னா, டேட்டாபேஸே படுத்துக் கெடந்தாலும் யூசருக்கு ஈமெயில் தப்புன்னுதான் போகும்.

ஜாங்கோக்காரங்களுக்கு (பைத்தான்ல வெப்சைட் எழுதற ஃபிரேம்வொர்க்) ஒண்ணு: மாடல்ல வேலிடேட்டர் (மதிப்பு சரியானு பாக்கற செக்) எழுதிட்டு நேரா கிரியேட் பண்ணா அது ஓடாது, ஃபுல் கிளீன்ங்கற மெத்தடை நாமதான் கூப்பிடணும். ரூபியோட ஃபிரேம்வொர்க் ரெயில்ஸ்ல வெறும் சேவ், வேலிடேஷன் ஃபெயில் ஆனா ஃபால்ஸ்னு திருப்பிட்டு கம்முனு இருக்கும், ஆச்சரியக்குறி போட்ட சேவ்தான் எக்ஸப்ஷன் விட்டு கத்தும்.

பேர் பெட்டி தனி கூத்து. ரெஜெக்ஸ்ல (எழுத்துகள் எப்படி இருக்கணும்னு சொல்ற பேட்டர்ன்) யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் தர்ற முறை) எழுத்து மட்டும்னு போட்டா 'தமிழ்'ங்கற பேரே பாஸ் ஆகாது, ஏன்னா த, ம, ழ மூணும்தான் யூனிகோட் கணக்குல எழுத்து, 'மி'ல வர்ற இகரக் குறியும் 'ழ்'ல வர்ற புள்ளியும் மார்க், அதையும் சேத்து அனுமதிக்கணும். பிஹெச்பில நீளம் சொல்ற ஸ்டர்லென் அதே பேரை 15னு எண்ணும், அது எழுத்துக் கணக்கு இல்ல, பைட் (மெமரில பிடிக்கற இடம்) கணக்கு, அதை வச்சு நீளம் செக் பண்ணா சின்னப் பேருக்கே 'ரொம்ப பெருசு'னு எரர் வரும்.

லாஸ்ட் நேம் கட்டாயம், அதுவும் குறைஞ்சது ரெண்டு எழுத்துனு ஒரு ஃபார்ம்ல வச்சிருந்தோம். நம்ம ஊர்ல முக்காவாசி பேருக்கு இனிஷியல்தானே, ஒரு எழுத்து போட்டு எரர் வாங்கின ஜனம் அதையே ரெண்டு தடவ அடிச்சுட்டுப் போயிடுச்சு. டேபிளைத் திறந்து பாத்தா லாஸ்ட் நேம் கட்டம் பூரா எஸ்எஸ், கேகே, ஆர்ஆர்.