50 ஹேர்ட்ஸ் நொட்ச் வடிகட்டி: போர்டில் ஏற்றுமுன் குணகங்களைப் பாருங்கள்

கொழும்பில் சென்சர் சுற்று எதைக் கட்டினாலும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் கூடவே வரும். அதை வெட்டும் நொட்ச் வடிகட்டி கணினியில் மெட்லாப் மென்பொருளில் அழகாக ஓடும், கோர்டெக்ஸ்-எம்4 சிப்பில் ஏற்றியதும் குழம்பும். முதலில் குணகங்களை, அதாவது வடிகட்டி மாதிரிகளைப் பெருக்கும் எண்களை, சந்தேகியுங்கள்.

பின்னங்களை 16 பிட் முழு எண்ணாக வைக்கும் கியூ15 வடிவத்துக்குள் −1 முதல் 1-க்குச் சற்றுக் கீழ் வரைதான் அடங்கும். விநாடிக்கு 1000 மாதிரி, துருவ ஆரம் (வெட்டு எவ்வளவு ஒடுக்கமாக இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 0.95 என்றால் ஒரு குணகம் 1.807 வருகிறது. ஆகவே எல்லாவற்றையும் பாதியாக்கி 32768 ஆல் பெருக்குங்கள். இந்தச் சிப்புகளுக்கான சிஎம்எஸ்ஐஎஸ்-டிஎஸ்பி நிரல் நூலகத்தின் பைகுவாடுக்கு (இரண்டாம் படி வடிகட்டிக்கு) இப்படிக் கொடுக்க வேண்டும்:

16384, 0, −31164, 16384, 29606, −14787

போஸ்ட்ஷிஃப்ட் (விடையை இடப்பக்கம் நகர்த்தும் பிட் எண்ணிக்கை) 1. பாதியாக்கியது அதில் ஈடாகிவிடும்.

கை தவறும் இடங்கள் இரண்டு. கடைசி இரு எண்களின் குறி மெட்லாப் தருவதற்கு நேரெதிர். இரண்டாவதாக நிற்கும் அந்த 0-வை விட்டுவிட்டால் கம்பைலர் வாயே திறக்காது, வெளியீடு மட்டும் கெடும்.

பதிவுசெய்த ஒரே சமிக்ஞையைக் கணினியிலேயே தசம வடிவிலும் கியூ15-இலும் ஓட்டி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். மெல்லிய இரைச்சல் மிஞ்சினால் சரி. அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் உள்ளீட்டைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.