பழைய கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள்

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போது பெயிண்ட், டயர், இன்ஜின் சத்தம் எல்லாம் பார்க்கிறோம், தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போகிறோம். ஆனால் கார் தன் கோளாறுகளைத் தானே குறித்து வைத்திருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. எவ்வளவு பெட்ரோல் பாய வேண்டும், ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பதையெல்லாம் இன்று மென்பொருள்தான் முடிவு செய்கிறது; ஏதாவது பிசகினால் அதற்கென ஒரு கோட் (code) எண்ணையும் சேமித்து வைக்கிறது.

இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் 4 புகைக் கட்டுப்பாட்டு விதி) கார்களுக்கு ஓபிடி-2, அதாவது கார் தன் கோளாறைத் தானே கண்டறிந்து கோடாகச் சொல்லும் அமைப்பு, கட்டாயம். பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கான 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் மாட்ட இஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர் ஒன்றும், கோட்களைப் படிக்க போனில் டார்க் (Torque) அல்லது கார் ஸ்கேனர் (Car Scanner) ஆப்பும் போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது புளூடூத் லோ எனர்ஜி உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.

அடாப்டரை மாட்டும் முன் ஒரு வேலை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பி, மஞ்சள் நிற செக் இன்ஜின் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரிய வேண்டும், ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் அந்த லைட்டை யாரோ செயலிழக்கச் செய்திருக்க வாய்ப்புண்டு, அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது.

அப்புறம் ஸ்கேன் செய்யுங்கள். கோட் எதுவும் வரவில்லை என்றதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், உண்மையான சோதனையே இனிமேல்தான். காரைக் காட்டுவதற்கு முந்தைய நாள் கோட்களை அழித்துவிடுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அழித்தால் தடம் இருக்கும். ஆப்பில் ‘ரெடினெஸ் மானிட்டர்’ பகுதியைத் திறந்து பாருங்கள்: கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்), ஆக்ஸிஜன் சென்சார் போன்றவற்றின் சுயசோதனை முடிந்ததா இல்லையா என்று காட்டும். கோட்களை அழித்ததும் இவை எல்லாம் ‘முடியவில்லை’ நிலைக்குப் போய்விடும், திரும்ப முடிய நன்றாக ஓட்டியாக வேண்டும். பல கார்களில் கோட் அழித்த பிறகு ஓடிய கிலோமீட்டரும் தெரியும். தினமும் ஆபீஸ் போய்வந்த கார் என்று சொல்லிவிட்டு அங்கே வெறும் 12 கிலோமீட்டர் காட்டினால், ஏன் என்று நேராகக் கேளுங்கள். பேட்டரியைக் கழற்றினாலும் சில கார்களில் இப்படி ஆகும், அப்படியானால் பேட்டரி மாற்றிய பில்லை விற்பவர் காட்டட்டும். பில் இல்லையென்றால் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கோட் வந்தால் பதற வேண்டாம். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியவில்லை), ஸ்பார்க் பிளக்கோ காயிலோ மாற்றினால் சரியாகிவிடலாம். பி0420 கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததைச் சொல்கிறது, சென்சார் பழுதாலும் சைலன்சர் குழாய்க் கசிவாலும்கூட இது வரும், ஆனால் கன்வெர்ட்டரே போயிருந்தால் செலவு பெரிது. பிஎஸ்-6 டீசல் காரில் பி2463 என்றால் டிபிஎஃப்பில் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) கரி சேர்ந்திருக்கிறது. ஊருக்குள்ளேயே சிறு தூரம் ஓட்டப்பட்ட டீசல் கார்களில் இதைக் கண்டிப்பாகத் தேடுங்கள்.

விலை பேசும் முன் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ரீகாலோ (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்ப அழைப்பது) மென்பொருள் அப்டேட்டோ பாக்கி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.