ஆஸ்கார், ஜாகுவார் தொட்டியில் கூட எந்த மீனை விடலாம்?

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு என்று எந்தக் கடைக்குப் போனாலும் ரெண்டு இஞ்ச் ஆஸ்கார் குஞ்சுகள் ஒரு தொட்டி நிறைய இருக்கும். பக்கத்துத் தொட்டியில் அதே அளவில் மோலி, டெட்ரா எல்லாம் இருக்கும். "இதும் அதும் ஒண்ணா இருக்குமுங்களா?" என்று கேட்டால், "இருக்குமுங்க, ஒண்ணும் பண்ணாதுங்க" என்பார்கள். அந்த வாரம் ஒண்ணும் பண்ணாது, அது உண்மைதான். ஆனால் நன்றாகத் தீனி கொடுத்தால் ஆஸ்கார் ஒரு வருடத்தில் பத்து இஞ்ச்சை எட்டிவிடும், மோலி மோலியாகவே இருக்கும். கடைக்காரர் இன்றைய அளவை வைத்துப் பேசுகிறார், நீங்கள் அடுத்த வருட அளவை வைத்து வாங்க வேண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாமே அந்தக் கணக்குதான்.

படி 1: யார் தலைவன் என்று முதலில் முடிவு பண்ணுங்கள்

எல்லா மீனையும் ஒரே நாளில் பொறுக்கி வராதீர்கள். ஆஸ்கார், ஜாகுவார் எல்லாம் சிக்லிட் என்ற குடும்பத்து மீன்கள். அதில் ஒரு பெரிய சிக்லிட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்றவை அதன் குணத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும்.

ஆஸ்காருக்கு வாய்தான் பெரிது, மனசு ரொம்ப மோசமில்லை. 12 முதல் 14 இஞ்ச் வரை வளர்ந்தாலும் விழுங்க முடியாத மீனைப் பெரும்பாலும் விட்டுவிடும். கிரீன் டெரர், ஜாக் டெம்ப்சி இரண்டும் அளவில் அதைவிடச் சின்னது, ஆனால் இடத்துக்குச் சண்டை போடுவதில் சளைத்தவை அல்ல. ஜாகுவாரும் ரெட் டெவிலும் வேறு ரகம்: பசி இல்லாவிட்டாலும் அடிக்கும், அதன் எல்லைக்குள் வந்தது யாராக இருந்தாலும் அடிக்கும். டோவி என்று சொல்லும் வுல்ஃப் சிக்லிட் ஆண் 70 சென்டிமீட்டர் வரை போகும். அதற்குத் துணை தேடுவதே வேண்டாத வேலை. ஃப்ளவர்ஹார்னும் அப்படித்தான், தலை புடைத்த ஆண் ஒன்றை வாங்கினால் தனியாக வைத்து அழகு பாருங்கள்.

இந்தக் குணம் நமக்கு ஒன்றும் புதிதில்லை. பவானிசாகரிலும் மேட்டூரிலும் பிடித்து வந்து விற்கும் ஜிலேபி மீனும் சிக்லிட் குடும்பம்தான், 1952-ல் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஆண் ஜிலேபி, கரையோர மண்ணில் தட்டு மாதிரி குழி பறித்து, பக்கத்தில் வரும் ஒவ்வொரு மீனையும் துரத்திக்கொண்டே இருப்பதைக் குளத்தங்கரையில் நின்றால் பார்க்கலாம். தொட்டிக்குள் அதே குணம்தான், துரத்தப்படும் மீன் ஓடிப்போக இடம் மட்டும் இல்லை.

படி 2: தொட்டியை அளந்து பாருங்கள்

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 255 லிட்டர் பிடிக்கும். அதில் ஒரு ஆஸ்கார் மட்டும், அவ்வளவுதான். துணை மீன் வேண்டும் என்றால் ஆறுக்கு ரெண்டுக்கு ரெண்டு, அதாவது 680 லிட்டர் பக்கம். தண்ணீர் மட்டுமே 680 கிலோ, அதற்கு மேல் கண்ணாடி, கல், ஸ்டாண்டு, ஆகவே மாடி வீட்டுக்காரர்கள் சுவர் ஓரமாகக் கீழே பீம் எங்கே போகிறது என்று விசாரித்துவிட்டு வையுங்கள். உயரத்தைவிட நீளமும் அகலமும் முக்கியம், அடி வாங்கும் மீன் பக்கவாட்டில்தான் தப்பிக்கும், மேலே இல்லை.

தொட்டி ஓடத் தொடங்கி, கழிவிலிருந்து உண்டாகும் விஷங்களான அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னால் பெரிய மீன் வேண்டாம்.

படி 3: உங்கள் வீட்டில் வருவது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?

இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் நம் பக்கத்தில் இதுதான் பாதி விஷயத்தை முடிவு செய்கிறது. சிறுவாணி தண்ணி வரும் வீடு என்றால் உங்களுக்குக் கிடைப்பது மென்மையான தண்ணீர், அதாவது உப்பு குறைந்தது. பல்லடம், அவிநாசி பக்கம் போர் தண்ணியை நம்பி இருப்பவர்களுக்கு கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஆயிரத்தைத் தொட்டாலும் அதிசயமில்லை.

ஆஸ்கார், செவரம், சாக்லேட் சிக்லிட், பீக்காக் பாஸ் எல்லாம் தென் அமெரிக்க ஆறுகளின் மீன்கள், மென்மையான தண்ணீர் அவற்றுக்கு ஒத்துவரும். ஜாகுவார், ரெட் டெவில், ஜாக் டெம்ப்சி எல்லாம் மத்திய அமெரிக்கா, கடினத் தண்ணீரை அவை தாராளமாகத் தாங்கும். பண்ணையில் பிறந்த ஆஸ்கார் போர் தண்ணிக்கும் பழகிக்கொள்ளும், அதனால் ரொம்பப் பயப்பட வேண்டாம். ஆனால் இந்தத் தண்ணீரில் பிஹெச், அதாவது காரத்தன்மை, பெரும்பாலும் கூடுதல்; பிஹெச் கூடக் கூட அமோனியாவின் விஷமும் கூடும், எனவே உப்புத் தண்ணிக்காரர்கள் மீன் எண்ணிக்கையைக் குறைவாகவே வைக்க வேண்டும். நல்ல தண்ணி குழாயில் வந்தால் குளோரினைப் போக்காமல் ஊற்றாதீர்கள். அப்புறம், மலாவி ஏரியின் ஆப்பிரிக்க சிக்லிட்களை ஆஸ்காரோடு சேர்க்கிற யோசனையை விட்டுவிடுங்கள்: தண்ணீரும் ஒத்துவராது, குணமும் ஒத்துவராது.

மார்கழி, தையில் இராத்திரி இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். இந்த மீன்களுக்கு 25 முதல் 28 டிகிரி வேண்டும், ஹீட்டர் இல்லாமல் முடியாது. ஆஸ்கார் விளையாட்டாக இடித்தே கண்ணாடி ஹீட்டரை உடைக்கும், எனவே சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) இருந்தால் அதற்குள் போடுங்கள், இல்லாவிட்டால் உறை உள்ளதாக வாங்குங்கள்.

படி 4: வாயைப் பாருங்கள், முள்ளையும் பாருங்கள்

விழுங்க முடிந்ததை விழுங்கும். பெரிய மீனின் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ளது தப்பிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் நீளத்தைவிட உடம்பின் உயரம்தான் காப்பாற்றுகிறது. நாலு இஞ்ச் மெல்லிய மீன் ஆஸ்கார் வாய்க்குள் போய்விடும், நாலு இஞ்ச் சில்வர் டாலர் தட்டையாக உயரமாக இருப்பதால் போகாது.

இதில் ஒரு ஆபத்து உண்டு. கெளுத்தி வகை. கெளுத்தியைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் இருக்கும் முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும், அழுத்தினாலும் மடங்காது. தொட்டியில் விடும் பிக்டஸ், சைனோடான்டிஸ், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் குட்டி சக்கர் எல்லாவற்றுக்கும் அதே பூட்டு இருக்கிறது. ஆஸ்கார் அதை விழுங்கப் போய் தொண்டையில் மாட்டிக்கொண்டால் விழுங்கியதும் போகும், விழுங்கப்பட்டதும் போகும். ஆகவே கெளுத்தி வகை எதை விடுவதாக இருந்தாலும், வாய்க்குள் நிச்சயம் போகாத அளவுக்குப் பெரியதாக விடுங்கள்.

படி 5: எதை விடலாம், எதை விடக்கூடாது

என் கணக்கில் முதல் இடம் சில்வர் டாலருக்கு. ஆறு இஞ்ச் வரை வளரும், இலை தழை தின்னும், ஆஸ்காரின் தீனிக்குப் போட்டியில்லை, வேகமாக நீந்தும். ஐந்து ஆறாகச் சேர்த்து விட வேண்டும், ஒன்று ரெண்டு விட்டால் மூலையில் பதுங்கும். கூட்டமாகப் பயமில்லாமல் நடுத்தொட்டியில் திரியும்போது, ஒளிந்துகொண்டிருக்கும் சிக்லிட்டும் ஆபத்தில்லை என்று வெளியே வரும், அதன் கோபமும் ஒரே மீன் மேல் விழாமல் சிதறும். டின்ஃபாயில் பார்ப் இதே வேலையைச் செய்யும், ஆனால் ஒரு அடிக்கு மேல் வளரும் என்பதால் ஆறடித் தொட்டியே அதற்குக் குறுகலாகிவிடும்.

செவரமும் சாக்லேட் சிக்லிட்டும் ஆஸ்காரோடு நன்றாகப் போகும். பேரட் மீனும் போகும், ஆனால் அதன் வாய் முழுசாக மூடாது, திருப்பிக் கடிக்கத் தெரியாது, அதனால் ஜாகுவார், ரெட் டெவில் பக்கம் விட்டால் பாவம்.

அடிமட்டத்துக்கு பிச்சிர் என்ற நீள உடம்பு மீன் நல்ல தேர்வு. அதில் செனகலஸ் என்ற வகை ஒரு அடி அளவில் நின்றுவிடும், மோப்பம் பிடித்துத் தீனி தேடும், தன்பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருக்கும். விளக்கை அணைத்த பிறகு அது இருக்கும் இடத்தில் தீனி போடுங்கள், இல்லாவிட்டால் ஆஸ்கார் எல்லாவற்றையும் தின்றுவிடும். மூடியில் வயர் போகும் ஓட்டை பெரிதாக இருந்தால் அதன் வழியே வெளியேறித் தரையில் கிடக்கும். முரட்டு சிக்லிட் அதன் கண்ணைக் கொத்தும் என்பதால் இதுவும் ஆஸ்கார் மாதிரி சாதுக்களுக்குத்தான்.

சக்கர் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது, "டேங்க் கிளீனர்" என்று விற்பதால் வந்தது. அது சுத்தம் செய்வதைவிடப் போடும் கழிவு அதிகம், ஒன்றரை அடி வரை வளரும், பட்டினி கிடந்தால் இரவில் ஆஸ்காரின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அதன் வழவழப்புத் தோலைச் சுரண்டும். வெள்ளரித் துண்டு, பூசணித் துண்டு தனியாகப் போட்டு வளர்க்க முடிந்தால் வாங்குங்கள். பெரிதாகிவிட்டது என்று குளத்தில் கொண்டுபோய் விடுவது மட்டும் வேண்டாம். ஏற்கெனவே தமிழ்நாட்டுக் குளங்களில் பரவி, வலை போடுபவர்கள் இதைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கைவைக்கவே கூடாதவை: "ஷார்க்" என்ற பெயரில் விற்கும் பங்காசியஸ், ரெட் டெயில் கேட்ஃபிஷ். இரண்டும் மூன்றடியைத் தாண்டும். முதலாவது மிரண்டு கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும், இரண்டாவது வளர்ந்த பின் உங்கள் ஆஸ்காரையே விழுங்கும். அரோவானாவும் மூன்றடி ஆசாமிதான், எட்டடித் தொட்டி வைக்கிறவர்கள் யோசிக்கலாம்.

இன்னொன்று: ஒரே வடிவம், ஒரே நிறம் உள்ள மீன்களைச் சேர்க்காதீர்கள், தன்னைப் போலவே இருப்பதைத்தான் சிக்லிட் முதலில் எதிரியாக நினைக்கும். ஒரே இனத்தில் ரெண்டு விடுவது அதைவிட மோசம், ஜோடி சேராவிட்டால் ஒன்று இன்னொன்றை அடித்தே கொன்றுவிடும்.

படி 6: விடும் வரிசை

சாதுவானது முதலில், முரடன் கடைசியில். முதலில் வந்தவன் இடம் பிடித்துக்கொள்வான் என்பதால்தான் இது. தலைவன் ஏற்கெனவே தொட்டியில் இருக்கிறான் என்றால், புது மீன் விடும் அன்று கல், பானை, குழாய் எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய எல்லைகள் கலைந்துபோய் எல்லோரும் புதிதாகத் தொடங்குவார்கள். பெரிய கல்லை மணல் மேல் வைக்காமல் தொட்டியின் அடிக்கண்ணாடி மேல் மெல்லிய ஸ்பாஞ்ச் போட்டு நிற்க வையுங்கள், தோண்டும் மீன் அடிமணலை எடுத்துவிட்டால் கல் சரியும்.

புது மீனைத் தனித் தொட்டியில் ரெண்டு மூன்று வாரம் வைத்து, வெண்புள்ளி நோய் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். விடுவதற்கு முன் பழைய மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி கொடுத்து, விளக்கை அணைத்துவிடுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பு வந்த நாளில் இந்த வேலை வேண்டாம், புதுச் சண்டையும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால் பேட்டரி ஏர் பம்ப் சமாளிக்காது.

படி 7: பார்த்துக்கொண்டே இருங்கள்

செவுள் விரிப்பது, வாலால் தண்ணீர் வீசுவது, கொஞ்ச தூரம் துரத்துவது எல்லாம் சகஜம். வாயும் வாயும் கவ்வி இழுப்பது ஒரு முறை என்றால் பொறுக்கலாம், திரும்பத் திரும்ப என்றால் பிரியுங்கள். ஒரு மீன் மேல் மூலையில் ஒட்டி நிற்கிறதா, நிறம் மங்கித் தீனிக்கு வராமல் இருக்கிறதா, துடுப்பு கிழிந்திருக்கிறதா, அதை அன்றைக்கே எடுங்கள். நாளைக்குச் சரியாகிவிடும் என்று விட்டால் காலையில் செத்துக்கிடக்கும். இதற்காகத்தான் வடிகட்டியோடு ஓடுகிற இன்னொரு தொட்டி முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். அதற்கு இடமோ காசோ இல்லை என்றால் துணை மீன் வாங்காதீர்கள், ஒற்றை ஆஸ்கார் தனியாகவே சந்தோஷமாக இருக்கும், கண்ணாடிக்கு வெளியே உங்களைப் பார்த்து வாலாட்டும்.

வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றுங்கள். தீனியைத் தொட்டியின் ரெண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். உயிருள்ள கோல்டு ஃபிஷ் போடுவது வீண்செலவு: அதிலுள்ள தயாமினேஸ் நொதி பி1 வைட்டமினை அழிக்கும், நோயும் கூடவே வரும்.

ரெண்டு சிக்லிட் சேர்ந்து ஒரு கல்லைச் சுத்தமாகக் கொத்தித் துடைக்க ஆரம்பித்தால் முட்டை போடப் போகிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து மற்ற மீன்கள் எல்லாமே அவற்றுக்கு எதிரி. அன்று சாயங்காலமே நடுவில் கண்ணாடித் தடுப்பு இறக்குங்கள், அல்லது மற்றவற்றை மாற்றுத் தொட்டிக்கு எடுத்துவிடுங்கள். குஞ்சுகளை எடுத்துத் தனியாக வளர்க்கத் தொடங்கிய பிறகு, கல்லையெல்லாம் மறுபடி இடம் மாற்றிவிட்டுப் பழைய ஆட்களைத் திரும்ப விடலாம்.