பத்து வரை எண்ணுங்கள்: பராமரிப்பு இல்லத்தில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் இல்லத்துக்குப் புதிதாகச் சில பிசியோதெரபிஸ்டுகளும் பராமரிப்பு உதவியாளர்களும் வந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், சுறுசுறுப்பானவர்கள். ஆனால் நாங்கள் சேர்ந்த புதிதில் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். வீல்சேருக்கு பிரேக் போடுங்கள், ஈரத் தரையைத் துடையுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள்.

அவரால் முடிவதை நாம் செய்துவிடுவது

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான்.

பக்கவாதத்தில் வலது பக்கம் தளர்ந்துபோன பெரியவர் ஒருவர் இருந்தார். வாரக்கணக்கில் உட்கார்ந்து, தானாகச் சட்டை போடப் பழகியிருந்தார். சட்டையை மடிமேல் விரித்துக்கொள்வார். தளர்ந்த கையை முதலில் சட்டைக் கைக்குள் நுழைத்து, தோள் வரை இழுத்துவிடுவார். முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, அப்புறம்தான் நல்ல கை. பட்டனைக் கீழிருந்து மேலாக இடது கையால் மட்டும் போடுவார். மூன்றாவது பட்டனில் கொஞ்சம் மூச்சு வாங்குவார். மொத்தம் கால் மணி நேரம் ஆகும்.

நான் கொஞ்ச நாள் விடுப்பில் போனேன். காலை ஷிப்டில் ஆள் குறைவு. யாரோ ஒருவர் இரண்டே நிமிஷத்தில் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. நான் திரும்பி வந்தபோது பெரியவர் நல்ல கையை முன்னால் நீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “நீங்களே போடலாமே ஐயா” என்றேன். “அவங்க வந்து போட்டுவிடுவாங்க” என்றார். முதல் தடவை பழக்க ஆனதைவிட இரண்டாம் தடவை அதிக நாள் பிடித்தது. தோளும் அதற்குள் இறுகியிருந்தது.

சட்டை மாட்டிவிட்டவர் மோசமானவர் இல்லை. வேகமாக வேலை பார்ப்பவர் என்று அவருக்கு நல்ல பெயர்கூட இருந்தது. கோளாறே அங்கேதான் இருக்கிறது. பயிற்சி கொடுப்பவர் ஒருவரோடு இருப்பது நாளில் அரை மணி நேரம். மீதி நேரம் முழுக்க அவரை எழுப்புவதும் உடுத்திவிடுவதும் ஊட்டிவிடுவதும் வேறு கைகள். அந்தக் கைகள் அவசரப்பட்டால் அரை மணி நேரப் பயிற்சி கணக்கிலேயே வராது. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை கரைந்திருந்தது. நோயே இல்லாதவர்களுக்கே அந்தக் கதி.

அப்படியானால் எப்படி உதவுவது? சட்டையைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். மறதி நோய் உள்ளவருக்கு நீங்கள் சொன்னது உள்ளே போய்ச் சேரவே அவ்வளவு நேரமாகும். நகரவில்லையா, ஒரே ஒரு படியை மட்டும் வாயால் சொல்லுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் சைகை. அப்புறம் முழங்கையில் லேசாக ஒரு தொடுதல். அவர் கையின் மேல் உங்கள் கையை வைத்துச் செய்வது அதற்கும் பிறகு. முழுவதையும் நீங்களே செய்வது கடைசியிலும் கடைசி.

“இதுக்கெல்லாம் நேரம் எங்கே இருக்கு?” என்பார்கள். நியாயம்தான். எல்லாருக்கும் எல்லா வேலையிலும் இப்படி நிற்க முடியாது. ஆளுக்கு ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒருவருக்குச் சட்டை, இன்னொருவருக்கு ஸ்பூன் பிடிப்பது. சாப்பாட்டுக் கூடம் வரை நடக்க முடியாதவரை வீல்சேரில் கூட்டிப் போய், கடைசிச் சில அடிகளையாவது நடக்கவிடுங்கள். குறிப்பேட்டில் “உதவி தேவை” என்று மட்டும் எழுதினால் அடுத்த ஷிப்ட் முழுவதையும் செய்துவிடும். “சட்டையைக் கொடுத்தால் போதும், மேல் பட்டன் மட்டும் நாம்” என்று எழுதுங்கள். பார்க்க வரும் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். பாசத்தில் ஊட்டிவிடுகிறவர்களிடம் சொல்வது கஷ்டம், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காய்ச்சல், களைப்பு என்று இருக்கும் நாளில் தாராளமாகச் செய்துவிடுங்கள். உடம்பு தேறியதும் கையை விலக்கிக்கொள்ள மறக்காதீர்கள்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது

கூடவே கூடாது. பக்கவாதம் வந்த தோள் இடம் நழுவும். இடுப்பில் கட்டும் பெல்ட் எதற்கு இருக்கிறது?

படுக்கையிலிருந்து எழுந்ததும் நடக்க வைப்பது

முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். தலைசுற்றுகிறது என்றால் படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் ரத்த அழுத்தம் பாருங்கள். நின்ற 3 நிமிஷத்துக்குள் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பல சமயம் மாத்திரைதான் காரணமாக இருக்கும்.

முழங்காலுக்கு அடியில் தலையணை

வலிக்கு இதமாக இருக்கும். நாளெல்லாம் வைத்தால் கால் மடங்கியபடியே இறுகிவிடும், அப்புறம் நிற்பது எங்கே? முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவருக்கு இன்னும் மோசம்.

மாத்திரை நேரம் பார்க்காமல் பயிற்சி வைப்பது

பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் உள்ளவர் காலையில் கட்டிலோடு ஒட்டிக்கிடப்பார். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் அதே ஆள் எழுந்து நடப்பார். நம் வசதிக்கு நேரம் குறித்துவிட்டு, “முன்னேற்றம் இல்லை” என்று எழுதுவது அநியாயம்.

“ஒத்துழைக்கவில்லை” என்று எழுதிவிடுவது

ஒரு பாட்டி நடக்க மறுக்கிறார் என்று பல நாள் எழுதிவைத்திருந்தார்கள். கடைசியில் பார்த்தால் காலில் இருந்தது வேறு யாருடையதோ ஷூ, ஒரு அளவு பெரியது. விழுந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லத்தான் வரவில்லை. அந்த வார்த்தையை எழுதுவதற்கு முன் காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா, கண்ணாடி போட்டிருக்கிறாரா, சிறுநீர் முட்டுகிறதா, மலச்சிக்கலா, எங்காவது வலிக்கிறதா என்று பாருங்கள். “எழுந்து நடங்க” என்பதற்குப் பதில் “ஜன்னல் பக்கம் போய் உட்காரலாமா?” என்று கேட்டுப் பாருங்கள்.

விழுந்தவரை உட்காரவைத்தே விடுவது

பயம் புரிகிறது. ஆனால் உட்கார்ந்தே இருப்பவரின் கால் இன்னும் தளரும், அடுத்த விழுதல் சீக்கிரமே வரும்.

கைத்தடி

வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். உயரம், கை தொங்கும்போது மணிக்கட்டு வரை.

அளக்காமல் விடுவது

“பரவாயில்லை, நல்லா இருக்கார்” என்பது அளவு ஆகாது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கும் சோதனை 1991 முதல் இருக்கிறது. ஒரு கடிகாரம் போதும். ஒவ்வொரு முறையும் அதே நாற்காலி, அதே செருப்பு, அதே வாக்கர் இருக்கட்டும். இல்லையென்றால் போன மாதத்து எண்ணோடு இந்த மாதத்தை ஒப்பிட முடியாது.